இருபத்துநாலாவது கட்டம்

சுரபாயாவில் ஒரு தாய்மடி மாதம் நாற்பது லட்சம் ரூபியாவுக்குக் கிடைக்கும். சீருடை இரண்டு ஜோடி, சோப்பு, பற்பசை எல்லாம் வாங்குகிற வீட்டார் பொறுப்பு. ஏஜென்சிக் கமிஷன் தனி. ஆறு மாதத்துக்குள் பிடிக்காமல் போனால் மூன்று தடவை மாற்றித் தருவதாக முத்திரை குத்தி எழுதித் தருகிறார்கள். மிக்ஸிக்குக்கூட ஒரு தடவைக்கு மேல் யாரும் மாற்றித் தருவதில்லை.

அப்படி வாங்கிய மடிதான், நோன்பு பிறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், மெலியானாவின் சாப்பாட்டு அறையில் வம்பை இழுத்து வைத்தது.

மெலியானா அன்று கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டுச் சீக்கிரமே வந்திருந்தாள். திரைச்சீலைத் துணி மொத்த வியாபாரம்; சந்தையில் மூன்று கடை. பாலர் பள்ளியிலிருந்து வந்த தாளை மேசைமேல் விரித்துப் படித்துக்கொண்டிருந்தபோது, மூன்று வயது ஜெஸ்லின் கையில் கரண்டியோடு ஓடிவந்து வழுக்கி விழுந்தாள். நாற்காலிக் கால் நெற்றியில் பட்டது.

மெலியானா இரண்டு எட்டு தூரத்தில் இருந்தாள். சட்டென்று குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தாள்.

"வா தங்கம். அம்மாகிட்ட வா."

குழந்தை எழுந்தது. விரிந்த கைகளைப் பார்த்தது. சந்தையில் தனக்கு வேண்டாத கடையைத் தாண்டுகிற மாதிரி அந்தக் கைகளைத் தாண்டிப் போய், சமையலறை வாசலில் நின்ற ஆயா வார்சினியின் வெளிர்நீலச் சீருடைக்குள் முகத்தைப் புதைத்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை அங்கே போய்த்தான் அவிழ்த்துவிட்டது.

"எங்க பட்டுச்சு? இந்த நாற்காலியா? இரு, அதுக்கு ரெண்டு போடுறேன்" என்றாள் வார்சினி. அப்புறம்தான் மேசைப் பக்கம் இன்னும் விரிந்தபடி இருந்த கைகளைப் பார்த்தாள். "அம்மாகிட்ட போ கண்ணு. அம்மா ஊதி விடுவாங்க. போ."

குழந்தை சீருடையை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

மெலியானா எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"சுஸ், பெருநாளுக்கு ஊருக்குப் போறியில்ல? அப்படியே நின்னுக்க. திரும்பி வர வேண்டாம்."

ஆயாக்களை அங்கே பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாரும் 'சுஸ்'. மாற்ற அது வசதி. ஆள் போனாலும் பேர் வீட்டிலேயே தங்கிவிடும்.

வருஷா வருஷம் நோன்புப் பெருநாளுக்கு ஆயாவை மாற்றுவது அந்தக் குடியிருப்பில் எழுதாத சட்டம். சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. பெருநாளுக்குச் சொந்த ஊர் போகிறவர்களிடம் மறுபடி வா என்று சொல்லாமல் விட்டால் முடிந்தது; சண்டை இல்லை, சாபம் இல்லை. காரணமும் கடைத்தெருவில் பிறந்ததுதான். ஒரே ஆளை ஒரே கல்லாவில் ரொம்ப நாள் நிறுத்தினால் வாடிக்கைக்காரர்கள் அவனைத்தான் விசாரிப்பார்கள், முதலாளியை அல்ல. துணிக்கடையில் இது நல்ல புத்தி. அதே புத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிள்ளை யாரோடும் ஒட்டிவிடாமல் இருக்க வேண்டும். ஒட்டாமல் இருந்தால் அம்மாவோடு ஒட்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு ஒரு வீட்டிலாவது சரியாக வந்ததா என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

ஜெஸ்லினுக்கு முதல் ஆயா ரத்மி. இரண்டாவது எண்டாங். வார்சினி மூன்றாவது.

அன்று குழந்தை தூங்கின பிறகு வார்சினி, நீளமான ஒரு கணக்குப் புத்தகத்தோடு மெலியானாவின் முன்னால் வந்து நின்றாள். கடையில் மிஞ்சிய புத்தகம். அட்டையில் கடைப் பெயர். குழந்தை குடித்த பால், தின்ற சோறு, தூங்கின நேரம், பேசின புதுச் சொல் எல்லாவற்றையும் மூன்று ஆயாக்களும் அதில்தான் எழுதி வந்தார்கள். மெலியானா போட்ட ஒழுங்கு.

"அம்மா, ஒரு நிமிஷம் இதைப் பாருங்க. ரத்மி அக்கா போனப்போ பிள்ளை இருபத்துமூணு நாள் அழுதிருக்கு. எண்டாங் எழுதி வச்சிருக்கா. எண்டாங் போனப்போ ஒம்போது நாள். இது நான் எழுதினது."

"குறைஞ்சிருக்குல்ல? பழகிடும்."

"அடுத்த பக்கம் பாருங்கம்மா."

அடுத்த பக்கத்தில் 'புதுச் சொல்' என்ற கட்டம் நான்கு மாதத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. ஒன்பது நாள் அழுது முடித்த குழந்தை, அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. தெரிந்த சொற்களையும் எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டது. டாக்டர் காதைச் சோதித்தார், நாக்கைத் தூக்கிப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்று பில் கொடுத்தார். ஐந்தாவது மாதம் ஒரு மழை நாளில், சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்ததைக் காட்டி "தவளை" என்றது. வார்சினி அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குப் பிறகு சொற்கள் வரிசை வரிசையாக, கட்டத்தை மீறி ஓரத்தில் எல்லாம் ஏறிக் கிடந்தன.

"ஜூலையில பள்ளிக்கூடம். புது இடம், புது முகம். அந்த நேரத்துல நானும் இல்லேன்னா மறுபடி வாயை மூடிக்கும்மா. பள்ளிக்கூடம் பழகுற வரைக்கும் இருக்கேன். டிசம்பர் வரைக்கும். அப்புறம் நீங்க சொல்லாமலே போறேன்."

மெலியானா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணக்குப் புத்தகத்தில் ஏறினதை இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது, அப்படி வளர்ந்தவள். மேசைமேல் கிடந்த பள்ளித் தாளை எடுத்து நீட்டினாள்.

இருபத்துநாலு கட்டங்கள். மூன்று விரலால் வண்ணக்கோல் பிடிக்கிறதா. பத்துக் கட்டைகளை அடுக்குகிறதா. இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் செய்கிறதா. தன் பெயர் சொல்கிறதா. அடுத்த பிள்ளையின் முறை வரும்வரை பொறுக்கிறதா. கடைசிக் கட்டம்: வளர்ப்பவர் விட்டுப் போகும்போது அழாமல் விடை கொடுத்து, அறையில் அரை மணி நேரம் அமைதியாக இருக்கிறதா.

"இருபது இடம். தொண்ணூறு பேர் மனு போட்டிருக்காங்க. எதிர்வீட்டுப் பையன் போன வருஷம் இருபத்துமூணு வாங்கினான். கடைசிக் கட்டத்துல அவன் சுஸ் காலைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. போச்சு" என்றாள் மெலியானா. "உன்னை விட்டுட்டு அரை மணி இருப்பாளா இவ?"

"இப்போ இருக்க மாட்டா. பழக்கினா இருப்பா."

"அப்போ பழக்கு. சோதனைக்கு மூணு வாரம் இருக்கு. இருபத்துநாலும் வாங்கிட்டா நீ டிசம்பர் வரைக்கும் இரு."

"உறுதியாம்மா?"

"நான் வியாபாரம் பண்றவ, சுஸ். சொன்னா சொன்னதுதான்."

வார்சினி மறுநாளே தொடங்கினாள். குழந்தையைக் கூடத்தில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, "சுஸ் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே போய்ப் பத்து எண்ணினாள். உள்ளே வீடே இடிகிற மாதிரி அலறல். பத்து எண்ணி முடித்ததும் உள்ளே வந்து குழந்தையின் உள்ளங்கையில் ஓர் இறால் அப்பளத்தை வைத்தாள். காலணா அகலம்கூட இராது. மத்தியானம் இருபது எண்ணினாள். மறுநாள் ஐம்பது. வாசலில் இருந்து கேட், கேட்டிலிருந்து தெருமுனை. ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒவ்வொரு தடவையும் அப்பளத்தோடு வந்தாள். நோன்பு வயிற்றோடு வறுத்து டப்பாவில் வைத்த அப்பளம்.

மெலியானா கேட்டபடி புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டாள். ஒன்றில் 'சொன்னது'. மற்றதில் 'வந்தது'. இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு.

இந்த வித்தையை வார்சினி எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை. ஏஜென்சியில் சொல்லிக் கொடுத்தது பால் கலக்கவும் சீருடை கசங்காமல் உட்காரவும்தான். அவள் ஊரான திரெங்காலெக்கில், வேலைக்குக் கிளம்புகிற தாய்மார்கள் பிள்ளை தூங்கும்போதுதான் போவார்கள். பிள்ளை அழாது, தாய்க்கும் கால் பின்னாது. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவளும் தன் மகன் பாண்டு தூங்கும்போதுதான், அவன் விரலில் சுற்றியிருந்த தன் முந்தானை நூலைப் பிரித்துவிட்டு, பஸ் ஏறினாள். அன்றிலிருந்து அவன் பகலில் தூங்க மாட்டேன் என்கிறான் என்று அவனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா போனில் சொன்னாள். இப்போது அவனுக்கு நாலு வயது. போனில் கூப்பிட்டால் வந்து நிற்பான். அடுத்த வீட்டுக்காரர் வந்தால் நிற்கிற மாதிரி மரியாதையாக.

சாயங்காலம் நாலரை மணிக்குத் தெருவில் எல்லா ஆயாக்களும் தள்ளுவண்டியோடு இறங்கிவிடுவார்கள். ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் கரண்டி. ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் ஓடி ஓடி ஒரு வாய். மூன்றாம் வீட்டுப் போனிராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஓடுவதில்லை. நின்ற இடத்தில் நின்று அதட்டினால் பிள்ளை வந்து வாயைத் திறக்கும்.

"என்னடி வார்சினி, கேட்டுக்கும் வீட்டுக்கும் நடக்குறியாமே? நேர்த்திக்கடனா?"

"பிள்ளையைப் பிரிஞ்சிருக்கப் பழக்குறேன் அக்கா."

"நல்லா இருக்கு. ஆட்டைப் பழக்கலாம், மாட்டைப் பழக்கலாம். நீ போனா அழாம இருக்கப் பிள்ளையைப் பழக்கிட்டேன்னா, அப்புறம் உனக்கு எதுக்குடி சம்பளம்? உன் சோத்துல நீயே மண்ணு அள்ளிப் போட்டுக்கிட்டு, அதுக்கு அப்பளம் வேற வறுக்குறே."

"அம்மா வாக்குக் கொடுத்திருக்காங்க."

போனிரா பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "நான் பதினோரு பிள்ளை வளர்த்தவ. போன மாசம் பெரிய கடையில ஒரு தடிப்பய என் காலை மிதிச்சுட்டு 'மன்னிச்சுக்கங்க ஆன்ட்டி'ங்கிறான். மூஞ்சியைப் பார்த்தா, அட, நம்ம எட்டாவது! ஆயாவை மாத்தாத வீடு அது, நாலு வருஷம் அவனுக்குக் கழுவி விட்டவடி நான். ஆன்ட்டியாம்."

எல்லாரும் சிரித்தார்கள். போனிராவும் சிரித்தாள், கொஞ்சம் அதிக நேரம்.

"போ. ஆனா ஒண்ணு சொல்றேன்" என்றாள் பிறகு. "வருவேன்னு சொல்லிப் பழக்காதே. நாம சொல்லக் கூடாத வார்த்தை அது."

வார்சினி கேட்கவில்லை. இரண்டாவது வாரத்தில் குழந்தையே கேட்டுக்கு வந்து வழியனுப்பத் தொடங்கியது. "சுஸ் எப்ப வருவேன்?" என்று வார்சினி கேட்பாள். "அப்பளத்தோட" என்று அது பதில் சொல்லும். பிறகு உட்கார்ந்து, வலது உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொள்ளும். கை காலியாக இருக்கும் வரை கவலை இல்லை. காலியான கைக்குத்தானே அப்பளம் வரும்.

சோதனை நாள் வந்தது. பள்ளியில் தாபிதா மிஸ் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தாள். வண்ணக்கோல், கட்டை, பேர், நிறம். எல்லாம் சரி. கடைசியில் மற்றப் பிள்ளைகள் வரிசையாக ஊளையிட்டன. ஒன்று ஆயாவின் சீருடைப் பொத்தானைப் பிய்த்துவிட்டது. ஜெஸ்லினின் முறை வந்தபோது வார்சினி குனிந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, "சுஸ் போயிட்டு வரேன்" என்றாள். குழந்தை கையை ஆட்டியது. அரை மணி நேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளங்கை மடியில் விரிந்திருந்தது.

வெளியே வராந்தாவில் மெலியானா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். தாபிதா மிஸ் தாளோடு வந்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

"இருபத்துநாலும், அம்மா. பதினாலு வருஷமா இந்த வேலையில இருக்கேன். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாம, பயமும் இல்லாம ஒரு பிள்ளை இப்படி விடை கொடுத்து நான் பார்த்ததில்ல. பயந்து உறைஞ்சு போறது வேற, இது வேற. வீட்ல சொன்ன சொல்லைக் காப்பாத்துற ஒரு ஆளு இருந்தாத்தான் பிள்ளைக்கு இந்த தைரியம் வரும். அது நீங்கதான். சந்தோஷமா இருக்கு."

மெலியானா மறுக்கவில்லை. பாராட்டு கொஞ்ச நாளாக அவள் பக்கம் வந்ததில்லை. ஆனால் அந்த நேரம் கதவு திறந்தது. வார்சினி கைக்குட்டையில் சுற்றின அப்பளத்தோடு உள்ளே போனாள். குழந்தை ஓடிவந்து கையை நீட்டிய ஓட்டத்தை மெலியானா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தன் கைகள் விரிந்தபடி நின்ற அந்தச் சாயங்காலத்தில் வராத ஓட்டம்.

வீடு வந்ததும் ஏஜென்சிக்குப் போன் செய்தாள். ஃப்ளோரெஸ் தீவுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், தேவாலயத்துக்குப் போகிறவள், பெருநாளுக்கு ஊர் போகிற தொல்லை இல்லை என்றார்கள். மூன்று நாளில் அனுப்பச் சொன்னாள்.

"டிசம்பர்னு சொன்னீங்களேம்மா" என்றாள் வார்சினி. அவள் குரல் உயரவில்லை.

"பிள்ளைக்கு நீ இல்லாட்டி கஷ்டமா இருக்கும்னுதானே சொன்னே? இப்போதான் அழாம விடுறாளே. மிஸ்ஸே எழுதிக் கொடுத்துட்டாங்க." மெலியானா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன். பெருநாள் போனஸ் ஒரு மாசம் முழுசா. பஸ் செலவு. உன் பையனுக்குத் துணி."

எண்ணி வைத்தாள். காசில் ஒரு ரூபியா குறைக்கவில்லை, கொஞ்சம் கூட்டியே வைத்தாள். சந்தையில் அவளுக்கு நாணயமானவள் என்று பேர், அது பொய்யில்லை.

அவளுக்கும் சின்ன வயதில் ஓர் ஆயா இருந்தாள். கிராம்புத் தைல வாசனை அடிப்பாள். கடைவாயில் ஒரு தங்கப்பல். ஒரு பெருநாளுக்குப் போனவள் திரும்பவில்லை. தெருப்பக்கத்து ஜன்னலில் மெலியானா எத்தனை நாள் நின்றாள் என்று எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பெண்ணின் பேரும் அவளுக்குத் தெரியாது. 'சுஸ்' என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் புதியவள் வந்து இறங்கினாள். பேர் யுஸ்தினா, இருபது வயது இருக்கும். வார்சினி துவைத்து இஸ்திரி போட்டு வைத்த சீருடை இரண்டும் அவளுக்குச் சரியாக இருந்தன. கூடத்து மேசைமேல் ஒப்படைப்பு நடந்தது. போகிறவள் பையைத் திறந்து காட்ட வேண்டும், இருப்பதை எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். வார்சினியின் பையில் ஒரு தொழுகை அங்கி, பாண்டுவுக்கு வாங்கின சட்டை, பாதி காலியான அப்பள டப்பா. மெலியானா டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள்.

"பால் புட்டி ஆறு. காலுறை பதினாலு ஜோடி. சளி மருந்து ஒண்ணு, உடைக்காதது. சரியா இருக்கு" என்று புத்தகத்தில் எழுதி முடித்து நகர்த்தினாள். "பாக்கி ஒண்ணும் இல்லேன்னு உன் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. ரெண்டு மணிக்கு அவ தூங்கினதும் கிளம்பு. முழிச்சிருக்கும்போது வேண்டாம்."

"இல்லம்மா."

மெலியானா நிமிர்ந்தாள். ஒரு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவள் கேட்டதில்லை.

"தூங்கும்போது ஒரு தடவை போயிருக்கேன். என் சொந்தப் பிள்ளைகிட்ட இருந்து. இந்தப் பிள்ளைகிட்ட முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுத்தான் போவேன். நீங்க போனஸை வேணா திருப்பி எடுத்துக்கங்க."

மெலியானா எடுக்கவில்லை.

ஜெஸ்லின் மாடிப்படியில் உட்கார்ந்து பொம்மைத் தவளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வார்சினி முன்னால் மண்டியிட்டாள். உண்மையைச் சொல்லத்தான் வந்தாள். சுஸ் ஊருக்குப் போறேன், இனிமே வர மாட்டேன், நீ நல்ல பிள்ளையா இரு என்று மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். குழந்தை முகத்தை நிமிர்த்தி, பையைப் பார்த்து, அவளுக்கு முந்திக்கொண்டது.

"சுஸ் போயிட்டு வரியா?"

வார்சினியின் வாய் திறந்தது. அறுபத்திரண்டு தடவை பழகின வாய்.

"ஆமா கண்ணு. போயிட்டு வரேன்."

குழந்தை கையை ஆட்டியது. அழவில்லை. தவளையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வலது உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டது. வார்சினி டப்பாவைத் திறக்கப் போனாள். பிறகு திறக்காமல் மூடினாள். போகிறபோது கொடுக்கிற பொருள் இல்லை அது.

கேட்டுக்கு வெளியே வாடகை வண்டி ஹாரன் அடித்தது. யுஸ்தினா வாசல்வரை வந்து, சின்னக் குரலில், "அக்கா, ஏதாவது சொல்லணுமா எனக்கு?" என்று கேட்டாள். "எல்லாம் எழுதித்தான் இருக்கு" என்று வார்சினி மேசைக்குத் திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். 'பாக்கி ஒன்றும் இல்லை' என்று எழுத மெலியானா விட்டிருந்த இடத்தில் கையை வைத்தாள். அதைத் தாண்டிக் கீழே போனாள். இரண்டு பத்திகளையும் ஒருமுறை கூட்டினாள். நிதானமாக எழுதி, சுஸ் என்று போடாமல் தன் முழுப் பேரையும் போட்டு, புத்தகத்தைத் திறந்தபடியே மெலியானாவின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

ரத்மி போனபோது அழுத நாள்: 23.
எண்டாங் போனபோது அழுத நாள்: 9. பேசாத மாதம்: 4.
வருவேன் என்று நான் சொன்னது: 63.
வந்தது: 62.
பாக்கி: 1.
— வார்சினி